நெட் வரலையா? டயல்-அப் காலம் விட்டுச்சென்ற ஒரு நல்ல பழக்கம்

உங்கள் வீட்டில் வாசல் கதவுக்குப் பக்கத்திலோ டிவி மேசைக்குப் பின்னாலோ ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்குகளோடு மினுக்கிக்கொண்டிருக்கும். ரவுட்டர். வைஃபை ஒழுங்காக வரும்வரை அதை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோனால்தான் அதன் முன்னால் உட்கார்ந்து, சுவிட்சை அணைத்துப் போட்டு, கடவுளை வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிப்பட்ட பல பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். பல இடங்களில் அது இணைய நிறுவனத்தோடு கைகுலுக்கப் பயன்படுத்தும் நெறிமுறையின் பெயர் பி.பி.பி. இந்த இரண்டும் இணைந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டது இன்று நேற்றல்ல. 1990-களில், வீட்டு டெலிபோன் கம்பியில் மோடம் கிரீச்சிட்ட காலத்தில் கற்றுக்கொண்டவை.

அந்தக் காலத்தில் லினக்ஸ் கம்ப்யூட்டரை டயல்-அப்பில் இணைப்பது சாதாரண வேலையல்ல. ஒருமுறை இணைப்பு கிடைக்கவே சிலருக்கு வாரக்கணக்கில் ஆனது. அந்தப் பாட்டிலிருந்து அவர்கள் ஒரு பழக்கத்தை உருவாக்கினார்கள்: பழுதைப் படிப்படியாகத் தேடுவது, கண்டதை எழுதிவைப்பது, எழுதியதை எல்லோருக்கும் கொடுப்பது. இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கம் அதைப் பற்றித்தான். ஒரே கட்டடத்தில் ஒரே கம்பியை நம்பி வாழும் நமக்கு அந்தப் பழக்கம் இப்போதும் தேவைப்படுகிறது.

1995, ஆகஸ்ட் 15

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட நாளும் ஒரு சுதந்திர தினம்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். அந்தச் சேவையைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே இணைப்பு பெற்ற பெருநகரங்களில் நம் மெட்ராஸும் ஒன்று; ஊரின் பெயர் அதிகாரபூர்வமாகச் சென்னை என மாறியது அதற்கு அடுத்த ஆண்டில். அதற்கு முன்பு 1986 முதலே எர்நெட் என்ற கல்வி வலையமைப்பு இருந்தது. ஆனால் அது ஐ.ஐ.டி.-கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற நிறுவனங்களுக்கானது, வீட்டுக்கு வராது.

மாணவர்களுக்கு வி.எஸ்.என்.எல். மலிவாக ஒரு வகைக் கணக்கு கொடுத்தது. அதன் பெயர் ஷெல் கணக்கு. படம் கிடையாது, எழுத்து மட்டும். உங்கள் கம்ப்யூட்டர் உண்மையில் இணையத்தில் இருக்காது. தூரத்திலிருக்கும் பெரிய கம்ப்யூட்டரின் திரையை எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். படத்தோடு பார்க்க வேண்டுமானால் அதிகக் கட்டணம்.

இப்படிப்பட்ட ஷெல் கணக்குகள் உலகம் முழுவதும் இருந்தன. அவற்றின் வழியாகவே முழு இணைப்பைப் பெற டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் 1990-களின் நடுவில் ‘ஸ்லிர்ப்’ என்றொரு நிரலை எழுதினார். தூரத்துக் கம்ப்யூட்டரில் அதை ஓட்டினால், எழுத்து மட்டும் போகவேண்டிய பாதையில் எல்லாம் போகும். அந்த ஸ்லிர்ப் இன்னும் சாகவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றைப் பாவனையாக ஓட்டும் க்யூ-எமு என்ற மென்பொருளுக்குள் இன்றும் வேலை செய்கிறது.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. முதலில் சேவை தொடங்கிய தனியார் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பின்னாளைய சிஃபி. அதன் பிறகுதான் டயல்-அப் நடுத்தரக் குடும்பங்களுக்குள் பரவலாக நுழைந்தது.

அன்றைய வேகம் எப்படி? வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள மோடத்தில், இன்று நீங்கள் யோசிக்காமல் அனுப்பும் 3 எம்.பி. போட்டோ ஒன்றை அனுப்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வீட்டு டெலிபோன் யாருக்கும் கிடைக்காது.

கம்பி வழியே பேசிய கருவி

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கம்ப்யூட்டரின் 0, 1 ஆகியவற்றை ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்ப 0, 1 ஆக்குவதே மோடத்தின் வேலை. அமெரிக்காவின் ஏ.டி.&டி. நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த பெல் 103 மோடம் வினாடிக்கு 300 பிட் அனுப்பியது.

1981-இல் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகியோரின் நிறுவனம் ‘ஸ்மார்ட்மோடம்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் புதுமை எளியது. கம்ப்யூட்டர் ‘ஏடி’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் கட்டளையை அனுப்பினால் மோடம் கேட்டுக்கொள்ளும். ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம் அது, நம் ஊரில் ‘இங்கே பாருப்பா’ என்பது போல. மோடம் புரிந்துகொண்டால் ‘ஓகே’ என்று பதில் எழுதும். பிறகு வந்த மோடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த மொழியைப் பேசின.

வேகம் ஏறிக்கொண்டே போனது. 1991-இல் 14.4 கிலோபிட், 1994-இல் 28.8, பிறகு 33.6. 1998-இல் வி.90 என்ற தரநிலை 56 கிலோபிட் என்ற உச்சத்தைத் தொட்டது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இணைய நிறுவனத்தின் முனை முழுக்க டிஜிட்டலாக இருக்க வேண்டும். வழியில் ஒலிக்கும் எண்ணுக்குமான மாற்றம் ஒரே ஒருமுறைதான் நடக்க வேண்டும். அலுவலகம் அல்லது அடுக்குமாடியின் உள் எக்ஸ்சேஞ்ச் வழியாக லைன் போய், அங்கே இன்னொரு மாற்றம் நடந்தால், பெட்டியில் 56 என்று அச்சிட்டிருந்தாலும் கிடைப்பது 33.6-க்குள்தான். மோடத்தை மாற்றிப் பயனில்லை. பழுது மோடத்தில் இல்லை, பாதையில்.

லினக்ஸ் வருகிறது

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கினார், 1.0 பதிப்பு 1994 மார்ச்சில் வெளியானது. நம் நாட்டில் அது பரவ ஒரு முக்கியக் காரணம் பத்திரிகை. பி.சி. க்வெஸ்ட் இதழ் 1996-இலிருந்து லினக்ஸைச் சி.டி.யாகவே வாசகர்களுக்குக் கொடுத்தது. அந்த முயற்சியின் முன்னணியில் நின்றவர் பெங்களூருவின் அதுல் சிட்னிஸ். டயல்-அப்பில் அவ்வளவு பெரிய மென்பொருளை இறக்குவது நடக்காத காரியம் என்பதால், கடையில் வாங்கிய இதழோடு வந்த அந்தச் சி.டி.தான் பலருக்கு வாசல். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடி, ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொண்டது.

சி.டி. கிடைத்தது, லினக்ஸ் ஏறியது. இணையம்? அங்கேதான் சிக்கல். இணைய நிறுவனங்கள் கொடுத்த வழிகாட்டித் தாள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் ‘ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்’ என்பார்கள். லினக்ஸுக்கான தீர்வோ இணையத்தில் இருக்கும். இணையத்துக்குப் போக முடியாததுதானே பிரச்சினை! ஆகவே கம்ப்யூட்டரை விண்டோஸில் திறந்து, இணைத்து, படித்து, காகிதத்தில் குறித்துக்கொண்டு, திரும்ப லினக்ஸில் திறந்து முயல வேண்டும். தோற்றால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முயற்சிக்கும் டெலிபோன் மீட்டர் ஓடும். மறுமுனை மோடம் எடுத்துவிட்டாலே அது ஓர் அழைப்புக் கணக்கு. உள்ளே நுழைந்தீர்களா இல்லையா என்று எக்ஸ்சேஞ்ச் பார்ப்பதில்லை.

தோராயமாக எதையாவது மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு என்பதால்தான் ஓர் ஒழுங்கு பிறந்தது.

ஏணியின் ஐந்து படிகள்

முதல் படி, கம்பி. ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல்டோன் கேட்கிறதா? கரகரப்பு உண்டா? நம் காது சிறிய கரகரப்பைப் பொருட்படுத்தாது. மோடத்துக்கு அது, இருவர் பேசும்போது நடுவில் ஒருவர் கத்துவது போல. மழைக்காலத்தில் தெருமுனைப் பெட்டியில் கம்பி மூட்டுக்குள் ஈரம் ஏறினால் வேகம் விழும். இன்னொரு அறையில் யாராவது அதே லைனின் போனை எடுத்தாலும், கால் வெய்ட்டிங்கின் ‘பீப்’ வந்தாலும் இணைப்பு அறுபடும். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் அறிவே வேண்டாம்; காது போதும்.

இரண்டாம் படி, மோடம். கம்ப்யூட்டரின் கண்ணுக்கு மோடம் தெரிகிறதா? விண்டோஸ் தன் சீரியல் போர்ட்டுகளைக் காம் 1, காம் 2 என்று எண்ணியது. லினக்ஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. காம் 2 அங்கே 1. இந்த ஓர் எண் வித்தியாசத்தில் தொலைந்த மாலைப் பொழுதுகள் ஏராளம். இன்னொன்று: காம் 1, காம் 3 இரண்டும் கணினியைக் கூப்பிட ஒரே மணியைப் பகிர்ந்துகொண்டவை. முதலாவதில் மவுஸும் மூன்றாவதில் மோடமும் இருந்தால், மவுஸை அசைத்ததும் மோடம் ஊமையாகும். இந்தப் படியைச் சோதிக்க மினிகாம் என்ற சிறு நிரல் இருந்தது. அதைத் திறந்து ‘ஏடி’ என்று தட்டச்சு செய்யுங்கள். ‘ஓகே’ வந்தால் இரண்டாம் படி நலம். வராவிட்டால் மேலே எதைத் தொட்டும் பயனில்லை.

மூன்றாம் படி, அழைப்பு. இங்கே மோடமே உங்களுக்குக் காரணம் சொல்லும். ‘பிஸி’ என்றால் மறுமுனை லைன் கிடைக்கவில்லை. ‘நோ கேரியர்’ என்றால் மறுமுனையோடு ஒலி பொருந்தவில்லை, அல்லது பொருந்தியது அறுந்துவிட்டது. ‘நோ டயல்டோன்’ என்றால் மோடத்துக்கு டயல்டோன் கேட்கவில்லை. உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்கும், மோடத்துக்குக் கேட்காது! காரணம், மோடம் தன் நாட்டு டயல்டோனை எதிர்பார்க்கும்; நம் எக்ஸ்சேஞ்சோ கட்டடத்தின் இன்டர்காமோ வேறு சுருதியில் பாடும். அதற்கு ‘எக்ஸ் 3’ என்றொரு கட்டளை உண்டு. ‘டயல்டோனுக்குக் காத்திராதே, எண்ணைச் சுழற்று’ என்பது அதன் பொருள். பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு டோன் முறையை விட்டு, பழைய சுழல்தட்டுப் போன் போலத் துடிப்பு முறையில் டயல் செய்யச் சொல்ல வேண்டும். வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டிய கட்டடங்களில் 9-க்குப் பிறகு ஒரு காற்புள்ளி போடுவார்கள். அதைக் கண்டால் மோடம் இரண்டு வினாடி பொறுத்துவிட்டு மீதி எண்ணை அழுத்தும்.

அந்தப் பிரபலமான கிரீச்சொலி நினைவிருக்கிறதா? அதுவும் அர்த்தமில்லாத சத்தம் அல்ல. முதலில் வரும் நீண்ட ‘ஊ’ 2100 ஹெர்ட்ஸ் ஒலி. வழியில் பேச்சின் எதிரொலியை அடக்கும் கருவிகளுக்கு ‘இது மனிதப் பேச்சல்ல, ஒதுங்கிக்கொள்’ என்ற அறிவிப்பு. பிறகு வரும் கரகரப்பில் இரு மோடங்களும் கம்பியின் தரத்தை அளந்து, தாங்கக்கூடிய வேகத்தை முடிவு செய்கின்றன. பழகியவர்கள் அந்த ஒலியைக் கேட்டே இன்று இணைப்பு தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்கள்.

நான்காம் படி, பி.பி.பி. 1994-இல் உறுதியான வடிவம் பெற்ற இந்த நெறிமுறை ஒரு சம்பிரதாயப்படி நடக்கும்: முதலில் இரு முனையும் நிபந்தனை பேசும், பிறகு பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும், கடைசியில் உங்களுக்கு ஓர் ஐ.பி. முகவரி தரப்படும். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கணினியின் பதிவேடு வரி வரியாகச் சொல்லும். நிபந்தனை பேச அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே இல்லையா? மறுமுனை இன்னும் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிறது, நாம் அவசரப்பட்டுவிட்டோம். ‘மறுமுனை தன்னை நிரூபிக்க வேண்டும்’ என்று நம் கம்ப்யூட்டரே அடம்பிடிக்கிறதா? பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு ஒன்றும் இருந்து, வெளியே போக அதன் வழியே ஏற்கனவே பாதை குறிக்கப்பட்டிருக்கும். முதல் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத காரணம். பதிவேட்டைப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

ஐந்தாம் படி, வழியும் பெயரும். இணைப்பு வந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. எண் முகவரியைக் கொடுத்தால் பதில் வருகிறதா? வந்தால் பாதை சரி. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். முகவரிதான் பதியப்படவில்லை. ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

ஏணியில் ஏறும்போது மூன்று விதிகளைக் கடைப்பிடித்தார்கள். கீழ்ப்படி உறுதியாகாமல் மேல்படியைத் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கம்ப்யூட்டர் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லாதே, அதன் வார்த்தையிலேயே எழுது.

மூன்று கூட்டல் குறிகளின் மர்மம்

எழுதிவைப்பதன் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பேசிக்கொண்டிருக்கும் மோடத்தின் கவனத்தைத் திருப்ப மூன்று கூட்டல் குறிகளை அனுப்ப வேண்டும். அனுப்பும் செய்தியிலேயே தற்செயலாக மூன்று கூட்டல் குறிகள் வந்துவிட்டால் என்னாவது? அதற்காக, முன்னும் பின்னும் ஒரு வினாடி மௌனம் இருந்தால்தான் அது கட்டளை என்று ஹெதரிங்டன் ஏற்பாடு செய்து, 1985-இல் காப்புரிமையும் பெற்றார். காப்புரிமைக்குக் காசு கொடுக்க விரும்பாத சில தயாரிப்பாளர்கள் அந்த மௌனத்தை விட்டுவிட்டார்கள்.

1990-களின் பிற்பகுதியில் சிலருடைய இணைப்பு காரணமே இல்லாமல் அறுந்தது. லைன் சரி, மோடம் சரி, கடவுச்சொல் சரி. நடந்தது இதுதான்: எங்கோ இருக்கும் குறும்பர் ஒருவர், மூன்று கூட்டல் குறிகளையும் ‘போனை வை’ என்ற கட்டளையையும் உள்ளே வைத்து ஒரு சோதனைச் செய்தி அனுப்புவார். அப்படிப்பட்ட செய்தியை வந்தபடியே திருப்பி அனுப்புவது கம்ப்யூட்டரின் வழக்கம். திரும்பிப் போகும் வழியில் மோடம் அதைப் படித்து, முதலாளியின் கட்டளை என்று நம்பி, போனை வைத்துவிடும். மருந்து ஒரே ஒரு கட்டளை: அந்த மூன்று குறிகளுக்குச் செவிசாய்க்காதே என்று மோடத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. நோயைப் புரிந்துகொள்ளத்தான் நேரம் பிடித்தது.

பூட்டிய பெட்டி

இதுவரை சொன்னவை எல்லாம் தேடினால் கிடைக்கும் பழுதுகள். தேடினாலும் கிடைக்காத ஒன்று 1990-களின் பின்பாதியில் வந்தது. மோடத்தின் உள்ளே ஒலியைக் கையாளும் சில்லுகளை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டினார்கள். விலை நன்றாகக் குறைந்தது. அந்த வேலையைச் செய்யும் டிரைவர் மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. இவற்றுக்கு ‘வின்மோடம்’ என்று பெயர். யு.எஸ். ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர்தான் அது; பிறகு அந்த வகைக்கே பெயராகிவிட்டது.

லினக்ஸில் ‘ஏடி’ என்று தட்டினால் மௌனம். இரண்டாம் படியிலேயே ஏணி முடிந்துவிட்டது. மோடம் கெட்டுப்போகவில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் அதனிடம் எப்படிப் பேசுவது என்பதைத் தயாரிப்பாளர் சொல்லவில்லை. சொந்த வீட்டின் ஓர் அறைச் சாவியைக் கட்டியவரே வைத்துக்கொண்ட மாதிரி.

தன்னார்வலர்கள் இரண்டு வேலை செய்தார்கள். எந்த மோடம் லினக்ஸில் வேலை செய்யும், எது செய்யாது என்று பயனர்கள் அனுப்பிய தகவல்களைக் கொண்டு நீண்ட பட்டியல்கள் தொகுத்தார்கள். கடைக்குப் போகுமுன் அதைப் பார்ப்பது வழக்கமானது. மறுபக்கம் ‘லின்மோடம்’ என்ற பெயரில், பூட்டிய மோடங்களுக்கு டிரைவர் எழுத முயன்றார்கள். 2000-ஐ ஒட்டிய காலத்தில் லூசென்ட் சில்லு வைத்த மோடங்களுக்கு ஒரு டிரைவர் கிடைத்தது. அதுவும் மூலநிரல் இல்லாத பூட்டிய வடிவில். லினக்ஸ் கெர்னல் ஒரு பதிப்பு ஏறினால் அது ஏற மறுக்கும்.

கனெக்ஸன்ட் சில்லுகளுக்குக் கனடாவின் லினக்ஸன்ட் நிறுவனம் டிரைவர் கொடுத்தது. இலவசப் பதிப்பில் 14.4 கிலோபிட் வேகம்தான். முழு வேகத்துக்குப் பணம். இந்த நிறுவனத்தைச் சுற்றி 2004-இல் ஒரு சர்ச்சை எழுந்தது. பூட்டிய டிரைவரை ஏற்றினால் ‘இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது’ என்று கெர்னல் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். பிற்பாடு பழுது தேடுபவருக்கு அது முக்கியமான துப்பு. லினக்ஸன்டின் டிரைவர், உரிமம் சொல்ல வேண்டிய இடத்தில் திறந்த உரிமத்தின் பெயரை எழுதி, உடனே ஒரு வெற்று எழுத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் மீதி நிபந்தனையை எழுதியிருந்தது. கெர்னல் வெற்று எழுத்தோடு படிப்பதை நிறுத்திவிடும்; ஆகவே முழுக்கத் திறந்தது என்று நம்பிவிடும். எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து பயனரைக் குழப்பாமலிருக்கவே அப்படிச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கியது. கெர்னல் எழுதுபவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். டிரைவர் பூட்டியிருந்ததைவிட, பூட்டியிருக்கிறது என்ற தகவலையே மறைத்ததுதான் அவர்களை உறுத்தியது. குறிப்பேட்டில் பொய் எழுதினால் பழுது பார்ப்பவன் எதை நம்புவான்?

எழுதி வைத்தவர்கள்

இத்தனை படிகளும் பொதுச் சொத்தானது எப்படி? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பி.பி.பி. நிரலை லினக்ஸுக்காக வளர்த்தவர்களில் ஆஸ்திரேலியாவின் பால் மெக்கராஸ் முக்கியமானவர். நெடுங்காலம் அதைப் பராமரித்தார். ராபர்ட் ஹார்ட் பி.பி.பி. இணைப்புக்கும் டேவிட் லாயர் மோடத்துக்கும் ‘எப்படிச் செய்வது’ என்ற கையேடுகளை எழுதினார்கள். கே.பி.பி.பி. என்ற நிரல், கட்டளைகள் தெரியாதவருக்கும் பொத்தானை அழுத்தி இணைக்கும் வசதியைக் கொடுத்தது.

கனடாவில் எழுதப்பட்ட ‘டபிள்யூ.வி. டயல்’ இன்னும் ஒரு படி மேலே போனது. மறுமுனை என்ன கேட்கிறது என்று தானே ஊகித்துப் பதில் சொல்லும். மூன்று நான்கு வரி எழுதிக்கொடுத்தால் போதும். ஊகம் தவறும் இடங்களுக்கென்று அதில் ஓர் அமைப்பும் உண்டு. பெயர் ‘ஸ்டுபிட் மோட்’. அதாவது, புத்திசாலித்தனத்தை விட்டுவிட்டு நேராகப் பி.பி.பி.யைத் தொடங்கு என்று பொருள். பல ஊர்களில் இணைப்பு கிடைத்தது அந்த ஒரு வரியால்தான்.

இந்தக் கையேடுகளில் நான் மதிப்பது ஒன்று. எழுதியவர்கள் தமக்கு வேலை செய்த வழியை மட்டும் எழுதவில்லை. ‘இந்தச் செய்தி வந்தால் இது காரணமாக இருக்கலாம்’ என்று, முகம் தெரியாதவர்கள் அனுப்பிய தோல்விகளையும் சேர்த்துத் தொகுத்தார்கள். ஒருவர் வீட்டில் நடந்த பழுது, உலகத்தில் இன்னொருவர் வீட்டுக்கு விடையானது.

இன்றைய பெட்டிக்குள்

2004-இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. 256 கிலோபிட்டே அன்று பிராட்பேண்ட். 2005 தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சேவை தொடங்க, மோடத்தின் கிரீச்சொலி மெல்ல அடங்கியது. ஆனால் பி.பி.பி. போகவில்லை. 1999-இல் அதை நெட்வொர்க் கம்பியில் ஓட்டும் வடிவம் வெளியானது, பி.பி.பி.ஓ.இ. என்று பெயர். இன்றும் பல ஃபைபர் இணைப்புகளில் ரவுட்டருக்குள் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்துவைப்பது இதற்காகத்தான். டயல் செய்ய எண் இல்லை. மற்ற சம்பிரதாயம் அதேதான்.

பழைய வீட்டில் குடிபுகுந்தால் பழைய விரிசலும் கூட வரும். அதே பி.பி.பி. நிரலில் 17 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியிலிருந்து ஒருவர் அதன் வழியே கருவியைக் கைப்பற்ற வாய்ப்பிருந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் ஒருவரால் கண்டுபிடிக்கவும் உடனே திருத்தவும் முடிந்தது. ஆனால் திருத்தம் நம் வீட்டு ரவுட்டருக்கு வர வேண்டுமே? அதைத் தயாரித்தவரோ இணைய நிறுவனமோ புதுப்பித்தால்தான் வரும். உங்கள் ரவுட்டர் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். பல ஆண்டுகள் பழையதென்றால் மாற்றித்தரச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை. அது நம் வீட்டு வாசல்.

நமக்கு ஐந்து கேள்விகள்

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் செய்தி: ‘நெட் வரலை, உங்களுக்கு வருதா?’ அதன் கீழே பதினைந்து ‘எங்களுக்கும்’. நிறுவனத்துக்குப் போன் செய்யும் செயற்குழு உறுப்பினருக்கு அதில் ஒரு துப்பும் இல்லை. பழைய ஏணியை இன்றைய பெட்டிக்குப் பொருத்தினால் இப்படி வரும். புகார் எழுதுமுன் ஒரு நிமிடம் செலவிடுங்கள்.

முதலில் கம்பி: ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா? எரிந்தால் ஒளியே வரவில்லை. ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. இரண்டாவது பெட்டி: வைஃபையில் மட்டும் வரவில்லையா, கேபிள் செருகிய கம்ப்யூட்டரிலும் வரவில்லையா? மூன்றாவது அழைப்பு: இன்டர்நெட் என்று குறித்த விளக்கு எரிகிறதா? நான்காவது கைகுலுக்கல்: அந்த விளக்கு எரியவில்லை என்றால், ரவுட்டர் பக்கத்தில் தெரியும் பிழைச் செய்தி என்ன? அதை அப்படியே படம் எடுங்கள். கட்டணக் கெடு முடிந்ததா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஐந்தாவது பெயர்: எல்லாத் தளமும் திறக்கவில்லையா, சிலது மட்டுமா?

இந்த ஐந்துக்கும் விடையோடு, பிளாக் எண், தளம், நின்ற நேரம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். ஒரே தளத்தில் நான்கு வீட்டுக்குச் சிவப்பு விளக்கு என்றால் பழுது அந்தத் தளத்துக் கம்பிப் பெட்டியில் இருக்கலாம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் என்றால் வீட்டுக்குள் தேடலாம். பழுது நீக்க வருபவர் மூன்று முறை வருவதற்குப் பதில் ஒருமுறை வந்தால் போதும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும், ஆன்லைனில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டிலிருக்கும் பேரனோடு வீடியோவில் பேசக் காத்திருக்கும் பெரியவர்களுக்கும் அந்த மிச்சமான நேரம் பெரிது.

பழுது சரியானதும் காரணம் என்ன என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சங்க அலுவலகத்தில் அதற்கென்று ஒரு நோட்டு வைப்போம். அடுத்த மழைக்காலத்தில் அதே பெட்டியில் ஈரம் ஏறும்போது, புதிதாகக் குடிவந்த ஒருவருக்கு அந்த ஒரு வரி விடையாக இருக்கும்.